வின்ச் எரிந்தது, கடைக்காரர் கைவிரிக்கிறார்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஆளும் சாமானும் ஏறினால் என் ஜீப் 2,300 கிலோ வரும். ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரரிடம் வண்டியைக் காட்டி, சேற்றில் சிக்கினால் இழுக்க எந்த வின்ச் (கேபிளைச் சுருட்டி வண்டியை இழுக்கும் மோட்டார் கருவி) வேண்டும் என்று கேட்டேன். 6,000 பவுண்டு இழுவை போதும் என்று சொல்லி 38,000 ரூபாய்க்கு மாட்டிவிட்டார். சக்லேஷ்புரா பக்கம் முதல் இழுப்பிலேயே மோட்டார் எரிந்துவிட்டது. 'உங்களுக்கு இயக்கத் தெரியவில்லை' என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் வின்ச் பழுது என்று மட்டும் போடாதீர்கள். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். 'மோட்டாரில் குறையில்லை, பாரம்தான் அதிகம்' என்று அறிக்கை வந்தால் கதை முடிந்தது. உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. நீங்கள் வண்டியையே காட்டியிருக்கிறீர்கள். ஆனால் 'இந்த பிராண்டுதான் வேண்டும்' என்று நீங்களே பெயர் சொல்லிக் கேட்டிருந்தால், அவர் அதைப் பிடித்துக்கொள்வார்.

கணக்கும் உங்கள் பக்கம். வண்டியின் மொத்த எடைக்கு ஒன்றரை மடங்கு இழுவை வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. உங்களுக்கு 3,450 கிலோ, அதாவது சுமார் 7,600 பவுண்டு. அவர் கொடுத்த 6,000 பவுண்டு 2,720 கிலோதான். அதுவும் கேபிள் சுற்றும் டிரம்மில் அடி அடுக்கில் மட்டும். மேலே அடுக்கு ஏற ஏற இழுவை குறையும். ஆகவே 'கேபிளை எவ்வளவு வெளியே விட்டீர்கள்? கப்பி போட்டீர்களா? மோட்டார் ஆற இடைவெளி விட்டீர்களா?' என்று எதிர்த்தரப்பு குடையும். உண்மையான பதிலை மறப்பதற்குள் எழுதி வையுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை (சக வக்கீல்கள் மன்னிக்க). அதற்கு முன் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். '6,000 போதும்' என்று வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதியிருந்தால் அதுதான் முக்கிய ஆதாரம்; ஆங்கில அல்லது கன்னட மொழிபெயர்ப்போடு சேருங்கள்.

அப்புறம், எரிந்த மோட்டாரை எந்த மெக்கானிக்கிடமும் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.