வாரண்டி வண்டியில் அணைந்து அணைந்து எரியும் லைட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பெட்ரோல் வண்டி, வாங்கி ஒன்றேகால் வருடம் ஆகிறது, மூன்று வருட வாரண்டி. வீடு மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில், தினமும் போய் வருகிறேன். மழை தொடங்கியதிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்ததும் செக் எஞ்சின், ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன், ஸ்டியரிங் லைட் எல்லாம் ஒன்றாக எரிகின்றன. ஆஃப் செய்து ஆன் செய்தால் மற்றவை போய்விடும், செக் எஞ்சின் மட்டும் ஓரிரு நாள் இருந்துவிட்டு அதுவாக அணையும். சர்வீஸ் சென்டரில் விட்டால் ஸ்கேனர் போட்டு, "கிளியர் பண்ணிட்டோம் மேடம், இனிமே வராது" என்று கழுவித் துடைத்துத் தருகிறார்கள். ஒரு வாரத்தில் மறுபடியும் வருகிறது. கடைசியாகப் போனபோது, வெளியில் டேஷ்கேம் போட்டதுதான் காரணம், இது வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டார்கள். நான் என்ன செய்வது?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நான்கு லைட் எரிந்தால் நான்கு பழுது என்று பயந்துவிடாதீர்கள். இப்போதைய வண்டியில் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும், எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து வர வேண்டிய தகவல் ஒரு நொடி வராவிட்டால்கூட, சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு லைட்டைப் போட்டுவிடும். எல்லாம் ஒன்றாக வருகிறது, அதுவும் காலையில் முதல் ஸ்டார்ட்டில், மழைக்காலத்தில் என்றால் என் சந்தேகம் முதலில் போவது பேட்டரி, எர்த் இணைப்பு, கனெக்டரில் ஈரம் இந்த மூன்றின் மேல்தான். சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் அதற்கப்புறம்.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. செக் எஞ்சின் லைட் ஓரிரு நாளில் தானாக அணைகிறது என்கிறீர்களே, அது பழுது சரியானதால் அல்ல. பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பழுது தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தென்படாவிட்டால் கம்ப்யூட்டரே லைட்டை அணைத்துவிடும், ஆனால் கோடு (code), அதாவது பழுதைக் குறிக்கும் எண், உள்ளே பதிவில் இருக்கும், எஞ்சின் நாற்பது முறை சூடாகி ஆறும் வரைக்கும்கூட. அதனால் லைட் அணைந்துவிட்டதே, இப்போது போனால் என்ன தெரியப்போகிறது என்று தள்ளிப்போடாதீர்கள், தாராளமாகப் போகலாம். இன்னொரு பக்கம், பல கோடுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பழுது தென்பட்டால்தான் லைட்டைப் போடும். "கிளியர்" செய்த பின் சில நாள் கழித்து வருகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் வண்டி சரியாக இருந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்த "கிளியர்" விஷயத்துக்கு வருகிறேன், எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். கோடு பதிவாகும்போது அந்த நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்து எழுதி வைக்கும், ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். உதாரணத்துக்கு, வேகம் 0, ஆர்.பி.எம். 780, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 29 டிகிரி, வோல்ட்டேஜ் 10.9 என்று இருந்தால் கதை தெளிவு: ராத்திரி முழுக்க நின்ற வண்டி, இப்போதுதான் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது, மின்சாரம் போதவில்லை. அதுவே வேகம் 62, கூலன்ட் 91, வோல்ட்டேஜ் 14.1 என்றால் பேட்டரி பக்கம் போகவே வேண்டாம், ஓடும்போது வேறெங்கோ தொடர்பு விடுகிறது. ஸ்கேனரில் அந்த அழிக்கும் பட்டனை அழுத்திய நொடியில் இது மொத்தமும் போச்சு. திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்குள் பெருக்கித் துடைத்துவிடுவது மாதிரி. உங்கள் சர்வீஸ் சென்டர் ஒவ்வொரு முறையும் இதைத்தான் செய்திருக்கிறது, அதுவும் சிரித்த முகத்தோடு.

ஆகவே அடுத்த முறை சாவியைக் கொடுக்கும் முன், உங்கள் புகாரை எழுதும் சீட்டான ஜாப் கார்டைப் படியுங்கள். சர்வீஸ் அட்வைசர் "ஜெனரல் செக்கப்" என்றோ "வார்னிங் லைட் செக்" என்றோ எழுதியிருப்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். "செக் எஞ்சின், ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன், ஸ்டியரிங் லைட் காலை முதல் ஸ்டார்ட்டில் ஒன்றாக எரிகின்றன, இதே புகாருக்கு ஏற்கெனவே இன்னின்ன தேதிகளில் வண்டி விடப்பட்டது, கோடுகளை அச்செடுத்துத் தராமல் அழிக்கக் கூடாது" என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுத வையுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. அச்செடுக்க வசதியில்லை என்றால் ஸ்கேனர் திரையை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லைட் எரியும்போது ஓடோமீட்டரும் தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து வைத்தால் "எங்களிடம் வந்தபோது எரியவில்லையே" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

அப்புறம், வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிடுங்கள். ஆல்பேட்டை தாண்டி இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, சூடாக வந்து நிற்கும் வண்டியில் காலை ஸ்டார்ட் பழுது எப்படித் தெரியும்? ராத்திரி அங்கேயே நின்று, காலையில் டெக்னீஷியனே முதல் ஸ்டார்ட் செய்யட்டும். அப்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சந்தேகத்துக்குரியது. வெறும் வோல்ட் பார்த்து "பேட்டரி ஓகே" என்று சொல்வதை ஏற்காதீர்கள், பேட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்ட் செய்த சீட்டைக் கேளுங்கள். ஒன்றேகால் வருடத்தில் பேட்டரி போகுமா என்றால் போகும், நம் ஊர் வெயில் அப்படி.

அடுத்தது எர்த். எஞ்சின் ஓடிக்கொண்டு, ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்டிருக்கும்போது, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது, இல்லை துரு ஏறியிருக்கிறது. கடலூர், புதுச்சேரி உப்புக் காற்றில் கனெக்டர் பின்களில் பச்சையாகப் பூத்து நிற்பதைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் ரப்பர் உறை புதுசு போலவே இருக்கும். தண்ணீர் நின்ற தெருவில் ஓட்டியிருந்தால் சக்கரத்தின் அருகே இருக்கும் வேக சென்சார் கனெக்டர்களையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது, அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இப்படிக் கனெக்டர் பழுது பல மாதம் கழித்துத் தலைகாட்டினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கழுவித் தருகிறார்கள் என்றீர்களே, பானெட்டைத் திறந்து பிரஷர் பம்பால் அடிக்கிறார்களா என்று பாருங்கள். ஈரத்தால் வரும் பழுதுக்காக விட்ட வண்டியின் எஞ்சினில் தண்ணீர் பீய்ச்சி அனுப்புவதை என்னவென்று சொல்ல! "எஞ்சின் வாஷ் வேண்டாம்" என்பதையும் ஜாப் கார்டில் ஏற்றிவிடுங்கள்.

டேஷ்கேம் பற்றி. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியது என்றால் ஒயரை யாரும் தொடவில்லை, அதைக் காரணம் காட்டி மொத்த எலக்ட்ரிக்கல் வாரண்டியையும் மறுப்பது நியாயமில்லை. ஒயரை வெட்டி ஒட்டிப் போட்டிருந்தால் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, வாரண்டி புத்தகத்தில் அந்த விதி இருக்கும், எடுத்துப் படியுங்கள். எப்படியானாலும் கேமராவைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். அப்போதும் லைட் வந்தால் தேதி, கிலோமீட்டரோடு வீடியோ எடுத்து, "டேஷ்கேம் கழற்றிய பிறகும் வருகிறது" என்று நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்கள், ஃபோனில் பேசினால் மட்டும் போதாது. கம்பெனியின் ஏரியா டெக்னிக்கல் ஆளை வரவழைக்கச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக எந்த ஊர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் வாரண்டி செல்லும், அதனால் இவர்கள் சரிப்படாவிட்டால் வேறு டீலரிடம் ஒரு முறை காட்டிப் பார்க்கவும் தயங்க வேண்டாம்.

இதற்கு நடுவில் ஓட்டலாமா? மஞ்சள் லைட் நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டலாம். ஏ.பி.எஸ். லைட் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஈர ரோட்டில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்ற ஆளிருக்காது, அவ்வளவுதான். செக் எஞ்சின் விட்டு விட்டு மின்னினால் எஞ்சின் மிஸ் ஆகிறது என்று அர்த்தம், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், ஓரம்கட்டுங்கள். சிவப்பு பிரேக் லைட்டும் ஏ.பி.எஸ்.ஸும் சேர்ந்து வந்தாலோ, சிவப்பில் ஆயில் விளக்கு வந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு டோயிங் கூப்பிடுங்கள், கன்னியகோயில் வரை போய்ப் பார்க்கலாம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் சின்ன புளூடூத் ஸ்கேனர் விற்கிறார்களே, வாங்கி நானே பார்த்தால் வாரண்டி போய்விடுமா?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: படிப்பதால் மட்டும் எதுவும் ஆகாது, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த 16 பின் சாக்கெட் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று விஷயம். விலை குறைந்தவை பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டும்தான் படிக்கும், ஏ.பி.எஸ்., ஏர்பேக் பக்கம் எட்டிப்பார்க்காது. படித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அழிக்கும் பட்டனை மட்டும் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள், இரவெல்லாம் செருகியே கிடந்தால் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், அப்புறம் இல்லாத லைட்டெல்லாம் வரும்.

இன்னொன்று, பி 0171 என்று வந்தால் ஆக்சிஜன் சென்சார் போச்சு என்று யூட்யூப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்காதீர்கள். அந்தக் கோடு சொல்வது பெட்ரோலுக்குக் காற்று அதிகமாக இருக்கிறது என்பதை மட்டும்தான். பிளந்த ஹோஸ், அழுக்கு படிந்த காற்று சென்சார், பெட்ரோல் பம்ப் எதுவாகவும் இருக்கலாம். பெட்ரோல் மூடியை இறுக்கினால் லைட் போய்விடும் என்று அமெரிக்க வீடியோக்களில் சொல்வார்கள், அங்கே பெட்ரோல் ஆவிக் கசிவைக் கண்காணிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே அதை முதல் காரணமாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: டீசல் வண்டி. வீடு, கடை, ஸ்கூல் எல்லாம் மூன்று கிலோமீட்டருக்குள். டி.பி.எஃப். லைட் அடிக்கடி வருகிறது. வாரண்டியில் மாற்றித் தர மறுக்கிறார்கள்.
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இதில் நான் சர்வீஸ் சென்டர் பக்கம்தான். டி.பி.எஃப். என்பது டீசல் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர். சேர்ந்த கரியை ஏறக்குறைய 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தச் சூடு வரவே வராது. லைட் வந்ததும் பண்ருட்டி ரோட்டிலோ புதுச்சேரி ரோட்டிலோ நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்து இருபது நிமிடம் 60-க்குக் குறையாமல் ஓட்டுங்கள், நடுவில் ஆஃப் செய்யாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்தும் வந்தால் அப்போது சென்சாரையோ இன்ஜெக்டரையோ சந்தேகப்படலாம், அது வாரண்டி விஷயம். உங்கள் ஓட்டத்துக்கு டீசல் வண்டியை விற்றவரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: வண்டி வாங்கியது புதுச்சேரியில், வீடு கடலூரில். லைட் பிரச்சினை தீரவே இல்லை, நுகர்வோர் கோர்ட்டில் புது வண்டி கேட்டு வழக்குப் போட நினைக்கிறேன். எங்கே போடுவது?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், கடலூர் மாவட்ட ஆணையமே போதும். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். ஐந்து முதல் பத்து லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய், இருபது லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள், சில நிறுவனங்கள் அதற்கே இறங்கி வரும்.

புது வண்டி கிடைக்குமா என்பதில் அதிக ஆசை வைக்காதீர்கள். திரும்பத் திரும்பக் கெடும் வண்டிக்கு மாற்று வண்டி என்று தனிச் சட்டம் இங்கே இல்லை. வாரண்டி விதி பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகச் சொன்னால், அதைத் தாண்டி வண்டியையே மாற்றச் சொல்ல முடியாது என்ற நிலையை 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்தது, நஷ்டஈடு மட்டும் கொடுக்கச் சொன்னது. உற்பத்திக் குறை என்று நீங்கள் சொன்னால், அதை நிரூபிக்கப் பரிசோதனைக் கூட அறிக்கையோ நிபுணர் அறிக்கையோ தேவைப்படும். அதனால் பழுதைச் சரிசெய்து தரவும், அலைச்சலுக்கு நஷ்டஈடும், அந்த பாகத்துக்கு வாரண்டி நீட்டிப்பும் கேட்பது நடக்கிற காரியம். வாரண்டி முடிவதற்குள் இந்தப் புகார் ஜாப் கார்டில் ஏறியிருப்பது ரொம்ப முக்கியம், முடிந்த பிறகு வாயால் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: எலி ஒயரைக் கடித்து லைட் எரிகிறது. வாரண்டியில் வருமா?
- வாசகி, வில்லியனூர்

பதில்: வராது. காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் இருந்தால் அதில் கேட்டுப் பாருங்கள், ஆனால் செலவு சின்னதென்றால் கைக்காசு போடுவதே மேல், கிளெய்ம் செய்தால் அடுத்த வருடம் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். கேட்பதென்று முடிவு செய்தால் சர்வேயர் வந்து பார்க்கும்வரை கடித்த ஒயரை மெக்கானிக் வெட்டி எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.