மூன்று ஊரில் ஹார்ட் டிஸ்க்குகள்: ஒரு கல்யாணப் படத்தை எப்படித் தேடுவது?

கேள்வி: காரைக்குடியில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தேவகோட்டையிலும் புதுக்கோட்டையிலும் கிளைகள் உண்டு. மூன்று இடத்திலும் படங்களை அடுக்கவும் திருத்தவும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருள்தான். பத்து வருடப் படங்கள், சுமார் 30 டெராபைட், ஹார்ட் டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கின்றன. "தாத்தா ஆசீர்வாதம் பண்ணின அந்தப் படம் மட்டும் வேணும்" என்று யாராவது வந்து நின்றால் அரை நாள் போய்விடுகிறது. எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிடலாமா?

பதில்: முதலில் ஒரு கணக்கு. நொடிக்கு 100 மெகாபிட் அப்லோடு வேகம் முழுசாகக் கிடைத்தாலே 1 டெராபைட் ஏற 22 மணி நேரம் ஆகும். 30 டெராபைட்டுக்கு கிட்டத்தட்ட ஒரு மாதம். மாதாமாதம் வாடகை வேறு. தேடுவதற்காக மட்டும் இந்தச் செலவு வேண்டாம். படங்கள் அந்தந்த ஊரிலேயே இருக்கட்டும். அவற்றின் பட்டியல் மட்டும் காரைக்குடிக்கு வரட்டும்.

இதற்கு லைட்ரூமிலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் வாரம் ஒருமுறை புதுப் படங்களை 'எக்ஸ்போர்ட் ஆஸ் கேட்டலாக்' செய்யட்டும், அதாவது லைட்ரூம் வைத்திருக்கும் படப் பட்டியலை (கேட்டலாக்) தனிக் கோப்பாக எடுக்கட்டும். அதில் மூலக் கோப்புகளை விட்டுவிட்டு, ஸ்மார்ட் பிரிவியூவை, அதாவது படத்தின் சிறிய நகலை, மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். நீளப் பக்கம் 2560 பிக்சல் இருக்கும், வாடிக்கையாளரிடம் திரையில் காட்டி "இதுதானா?" என்று கேட்க அது தாராளம். காரைக்குடிக் கணினியில் அதை இம்போர்ட் செய்துகொள்ளுங்கள். படம் கிடைத்ததும், டிஸ்க் இருக்கும் கிளையிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் வரவழைத்தால் போதும். கேட்டலாக் கோப்பை நெட்வொர்க் டிரைவில் வைத்து மூவரும் திறக்கப் பார்க்காதீர்கள், லைட்ரூம் ஒத்துக்கொள்ளாது.

இங்கே ஒரு கண்ணி உண்டு. கேமரா 9999-க்குப் பிறகு மறுபடி 0001-இலிருந்து எண்ணத் தொடங்கும். இரண்டு கிளையிலும் 'ஈ டிரைவ், 2023, ஜூன்' என்று ஒரே மாதிரி ஃபோல்டரும் இருந்துவிட்டால், யாருடைய படம் எது என்று லைட்ரூமே குழம்பிவிடும். அதனால் டிஸ்க்கின் முதல் ஃபோல்டருக்கே ஊர்ப் பெயர் வையுங்கள். கோப்பின் பெயரிலும் தேதி, ஊர், எண் என்று இருக்கட்டும். ஆண்டை முன்னால் போட்டால் தானாக வரிசையாகிவிடும்.

அந்தத் தாத்தா படத்தைப் பிடித்துக் கொடுக்கப்போவது கீவேர்டுதான், அதாவது படத்தோடு நீங்கள் சேர்த்துவைக்கும் தேடுசொல். முகத்தை வைத்துத் தேடும் வசதியும் இருக்கிறது. ஆனால் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை முகம் எந்தப் படத்தில் இல்லை? சடங்கின் பெயர்தான் கைகொடுக்கும். நிச்சயம், நலங்கு, தாலி, ஆசீர்வாதம், பந்தி என்று இருபது சொல் போதும். அதை அச்சடித்து மூன்று கடையிலும் ஒட்டுங்கள். ஒருவர் 'முகூர்த்தம்', இன்னொருவர் 'முஹூர்த்தம்' என்று அடித்தால் பாதிப் படம் தேடலில் வராது.

அப்புறம், லைட்ரூமில் 'எக்ஸ்எம்பி-யில் தானாக எழுது' என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். எக்ஸ்எம்பி என்பது படத்தின் விவரங்களைப் படத்தோடேயே எழுதிவைக்கும் முறை. வாங்கும்போது அது ஆஃபில்தான் இருக்கும். ஆன் செய்தால் கீவேர்டு ஜேபெக் கோப்புக்குள்ளேயும், ரா கோப்புக்கு (கேமரா தரும் பதப்படுத்தாத மூலக் கோப்பு) பக்கத்தில் தனிக் கோப்பாகவும் பதிவாகும். நாளைக்கு மென்பொருள் மாற்றினாலும் உழைப்பு வீணாகாது. வீடியோவுக்கு இது நடக்காது. அதற்கு ஃபோல்டர் பெயரையே நம்புங்கள்.

பழைய டிஸ்க்குகளை ஒரேயடியாக எடுத்து உட்கார வேண்டாம். இந்த மாதக் கல்யாணத்திலிருந்து தொடங்குங்கள். பழையதை யாராவது கேட்டு வரும்போது, எப்படியும் அந்த டிஸ்க்கைச் செருகத்தான் போகிறீர்கள், அப்போதே சேர்த்துவிடுங்கள்.