செய்யாத குற்றத்திற்கு மன்னிப்பு எழுதித் தராதீர்கள்

கேள்வி: தண்டையார்பேட்டை வாரியக் குடியிருப்பில் வசிக்கிறோம். என் தம்பி தள்ளுவண்டியில் பஞ்சுமிட்டாய் விற்கிறான். பக்கத்து பிளாக்கில் சீட்டு நடத்தும் பெண்ணிடம் நான் கட்டிய பணத்தைக் கேட்டதில் இரண்டு மாதமாகத் தகராறு. இப்போது தம்பியைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று அவர் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு பரப்பியதோடு, காவல் நிலையத்திலும் மனு கொடுத்திருக்கிறார். 20,000 ரூபாயும் மன்னிப்புக் கடிதமும் தந்தால் முடித்து வைப்பதாக ஒருவர் சொல்கிறார். தரலாமா?

பதில்: தரவே கூடாது. அந்தக் கடிதம் நாளை எந்த இடத்திலும் தம்பியின் ஒப்புதல் வாக்குமூலமாகவே காட்டப்படும். காவல் நிலைய வாசலில் நின்று, உள்ளே எல்லோரையும் தெரியும் என்று சொல்லிப் பணம் கறக்கும் இத்தகைய கட்டப்பஞ்சாயத்துக்காரர்களிடம் ஏமாந்த பிறகு என்னிடம் வரும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துவிட்டது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

குரல்பதிவு கை மாறும்போது அதன் பின்னால் இருக்கும் சீட்டுத் தகராறு உதிர்ந்துபோய், பயம் மட்டும் மிஞ்சுகிறது. அதை அனுப்பியவருக்குத்தான் உங்கள்மேல் பகை. பிறருக்கு அனுப்பும் தாய்மார்களுக்குத் தங்கள் பிள்ளைகளைப் பற்றிய கவலை மட்டுமே. 2018 மே மாதம் பழவேற்காட்டில் இதே சந்தேகத்தில் ஒருவரை ஊரார் அடித்தே கொன்றார்கள் என்பதால், தம்பி சில நாட்கள் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. கூட்டம் கூடினால் உடனே 112-ஐ அழையுங்கள்.

நீங்களும் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுங்கள். அதில் குடியிருப்பு முழுவதையும் குற்றம் சாட்டாமல், பணம் கட்டிய தேதி, திருப்பிக் கேட்ட தேதி, குரல்பதிவு வந்த தேதி ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். பகை முந்தியது, பழி பிந்தியது என்பது அதிலேயே தெரிந்துவிடும். குரல்பதிவு உள்ள கைப்பேசியை மாற்றவோ, குரல்பதிவை அழிக்கவோ வேண்டாம். மக்களிடையே பீதி கிளப்பும் வதந்தி பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 353-ஆம் பிரிவில் குற்றமாகும். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு ரசீதுக்காக ஏழை மக்களை மூன்று நாள் அலைய விடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மனுவை வாங்க மறுத்தால் காவல் துணை ஆணையருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் முறையிடலாம்.

ஒன்றை மட்டும் நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். அவதூறு அதே சட்டத்தின் 356-ஆம் பிரிவில் வருகிறது என்றாலும், அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது என்று அதே பிரிவு விதிவிலக்கு அளிக்கிறது. நல்லெண்ணம் என்றால் உரிய கவனத்தோடு விசாரித்துச் சொல்வது என்று சட்டம் பொருள் கூறுகிறது. ஆகவே அந்தப் பெண் நிலையத்தில் கொடுத்த மனுவை மட்டும் வைத்து அவதூறு வழக்குப் போட்டால், உண்மையாகவே பயந்து கொடுத்தேன் என்று அவர் தப்பிக்க வழி உண்டு. ஆனால் குடியிருப்பு முழுவதற்கும் அனுப்பிய குரல்பதிவுக்கு அந்த விதிவிலக்கு பொருந்தாது, ஏனென்றால் வாட்ஸ்அப் குழு எந்த அதிகாரியும் அல்ல. குரல்பதிவையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தம்பியை விசாரணைக்குத் தொலைபேசியில் அழைத்தால், எழுத்து மூலமான அறிவிப்பு தருமாறு பணிவாகக் கேளுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

தம்பியிடம் தினமும் பஞ்சுமிட்டாய் வாங்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் இரண்டு பேரையாவது சாட்சிகளாக மனுவில் குறிப்பிடுங்கள். நிலையத்துக்கு வர அவர்கள் அஞ்சுவார்கள்; சாட்சியாகும் பெண்களை அவர்களுடைய வீட்டுக்கு வந்துதான் போலீசார் விசாரிக்க வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.