நடந்தும் ஸ்டெப்ஸ் கணக்கு ஏறவில்லையா?

பெசன்ட் நகர் கடற்கரையில் தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தும் செயலி ஆயிரத்துச் சொச்சம் ஸ்டெப்ஸ்தான் காட்டுகிறது, போனைப் பூட்டிப் பையில் போட்டதும் நின்றுவிடுகிறது, காசு கட்டி வேறு செயலி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆண்ட்ராய்டே அந்தச் செயலியைப் பின்னணியில் நிறுத்திவிடுகிறது, பெரும்பாலும் அதுதான் காரணம். செட்டிங்ஸில் ஆப்ஸ், அந்தச் செயலி, பேட்டரி என்று போய்க் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள் (போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும்). அப்புறம் அனுமதிகளில் 'உடல் செயல்பாடு' ஆனில் இருக்கிறதா பாருங்கள், ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து அதையும் தனியாகக் கேட்கிறார்கள். போன் தோள்பையில் ஆடிக்கொண்டிருப்பதைவிட பேன்ட் பாக்கெட்டில் இருந்தால் கணக்கு சரியாக வரும். சந்தேகமா, 100 ஸ்டெப்ஸ் நீங்களே எண்ணி நடந்து ஒப்பிடுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ஸ்டெப்ஸ் வரவில்லையே என்ற கவலையை விடுங்கள். அது 1960களில் ஜப்பானில் விற்ற ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து கிளம்பியது, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு இல்லை. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. உங்கள் நடைக்கு அது மூன்றாம் நாளே முடிந்துவிடுகிறது.