பழைய கேமிங் கணினிக்குப் புதிய பிராசசர்: எது பொருந்தும், எது வீண்?

கேள்வி: 2019 இறுதியில் அசெம்பிள் செய்த கணினி என்னுடையது. ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாடும்போது, நாலைந்து பேர் ஓரிடத்தில் மோதிக்கொள்ளும் நேரத்தில் படம் திக்கித் திக்கி நகர்கிறது. மதர்போர்டு, ரேம் உட்பட எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். பிராசசரை மட்டும் மாற்றினால் போதாதா? - திருச்சி வாசகர்

பதில்: போதும். ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன், செலவில்லாத ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். விளையாட்டின் ரெசல்யூஷனை 1920×1080-இலிருந்து 1280×720-க்குக் குறைத்துவிட்டு, வழக்கமாகத் திக்கும் அதே இடத்தில் விளையாடுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பது) நன்றாக ஏறினால் இதுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது கிராபிக்ஸ் கார்டு. ஏறாமல் அங்கேயே நின்றால் பிராசசர்.

காரணம் எளிது. யார் எங்கே நிற்கிறார், எந்தக் குண்டு எங்கே பாய்கிறது என்று கணக்கிட்டு, எதை வரைய வேண்டும் என்று சொல்வது பிராசசர். அதை வரைவது கார்டு. ரெசல்யூஷனைக் குறைத்தால் வரையும் வேலை குறைகிறது. கணக்கிடும் வேலை அப்படியே இருக்கிறது.

டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பயன்பாடு 45 சதவீதம்தான் காட்டுகிறது, பிறகெப்படி அது தடையாகும் என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் பிராசசரில் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளான கோர்கள் ஆறு, கோருக்கு இரண்டு வீதம் த்ரெட் எனப்படும் வேலை ஓட்டங்கள் பன்னிரண்டு. அந்த எண் இந்தப் பன்னிரண்டு த்ரெட்களின் சராசரி. விளையாட்டின் முதன்மையான வேலை ஓரிரு கோர்களில்தான் ஓடுகிறது. அவை முழுதாகத் திணறிக்கொண்டிருக்க, மற்றவை சும்மா இருக்கும். சராசரி குறைவாகத் தெரியும். ஆகவே பிராசசரின் எண்ணைப் பார்க்காதீர்கள், கார்டின் எண்ணைப் பாருங்கள். கார்டு 95 சதவீதத்துக்கு மேல் உழைத்தால் அதுவே எல்லை. 60 சதவீதத்திலேயே நின்றுகொண்டிருந்தால் (ஃபிரேமுக்கு உச்சவரம்பு எதுவும் வைக்காத நிலையில்) அது பிராசசருக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். சைபர்பங்க் 2077 போன்ற கனமான விளையாட்டுகளில் உங்கள் 1660 சூப்பர்தான் முதலில் களைக்கும். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் நீங்கள் சொல்வது போல ஆட்கள் கூடும்போது மட்டும் திக்குகிறது என்றால், குற்றவாளி பெரும்பாலும் பிராசசர்தான்.

ரேமையும் ஒரு பார்வை பாருங்கள். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால் அது ஒற்றைத் தடத்தில் மெதுவாக ஓடுகிறது. 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக இருந்து, பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்களில் அமர்ந்திருந்தால் சரி. 3200 வேகம் என்று வாங்கிய ரேம்கூட, பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி வசதியை இயக்காவிட்டால் 2133 அல்லது 2400-இல் ஊர்ந்துகொண்டிருக்கும். வாங்கிய நாளிலிருந்து யாருமே அதை இயக்காத கணினிகள் ஏராளம்.

சோதனை பிராசசரைத்தான் காட்டுகிறது என்றால், நான் பரிந்துரைப்பது 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600. உங்கள் 2600 போலவே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்ற வேண்டாம், பெட்டியுடன் சூட்டைத் தணிக்கும் கூலரும் வருகிறது. எண்ணிக்கை ஒன்றே என்றால் வேகம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு கோரும் ஒரு துடிப்பில் முடிக்கும் வேலை கூடியிருக்கிறது. அதோடு முக்கியம், பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான எல்3 கேஷ். 2600-இல் மொத்தம் 16 எம்பி, அதுவும் எட்டெட்டாகப் பிரிந்து கிடக்கிறது. 5600-இல் 32 எம்பி ஒரே தொகுப்பாக, ஆறு கோர்களுக்கும் பொதுவாக இருக்கிறது. கேஷ் என்பது அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி. ரேம் என்பது பின்கட்டுச் சரக்கறை. கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு முறையும் சரக்கறைக்கு நடந்தால் தாளிப்பு கருகிவிடும். ஆட்கள் கூடும் இடத்தில் உங்கள் படம் திக்குவதற்கு இந்த நடையும் ஒரு காரணம்.

பெயர்களில் கவனமாக இருங்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. 5500, 5600ஜி, 5600ஜிடி, எக்ஸ் எழுத்து இல்லாத 5700 ஆகிய எல்லாவற்றிலும் எல்3 கேஷ் 16 எம்பிதான். 5600, 5600எக்ஸ், 5700எக்ஸ் ஆகியவற்றில் 32 எம்பி. 5600-ஐவிட 5700 பெரிய எண், ஆகவே நல்லது என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுப்பவர், எட்டுக் கோரை வாங்கிக்கொண்டு விளையாட்டுக்குத் தேவையான கேஷில் பாதியை விட்டுவிடுகிறார். எண்களை வைத்து இப்படிக் குழப்புவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். பில் போடும் முன் கேஷ் அளவை நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

96 எம்பி கேஷ் கொண்ட 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். விளையாட்டுக்கு அருமையான பிராசசர்கள். ஆனால் இவற்றுடன் கூலர் வராது. வரத்து குறைந்துவிட்டதால் பழையதுகூட விலை ஏறி நிற்கிறது. 1660 சூப்பர் வைத்துக்கொண்டு அந்தப் பணத்தை அங்கே போட வேண்டாம். மிச்சத்தை அடுத்த கிராபிக்ஸ் கார்டுக்குச் சேர்த்து வையுங்கள்.

கடைக்காரர் சொன்னதற்கும் ஒரு பின்னணி உண்டு. 2020 மே மாதத் தொடக்கத்தில், பி450 போர்டுகளில் ரைசன் 5000 வரிசை ஓடாது என்றுதான் ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் அறிவித்தது. பயனாளர்கள் கொதித்தெழுந்ததும் அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய செய்தி சில கடைகளில் இன்னும் வாழ்கிறது. மேலும், ஏஎம்டியின் புதிய ஏஎம்5 போர்டுக்கு முழுதாக மாறினால் டிடிஆர்5 ரேம் தேவைப்படும். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால், கையிலுள்ள டிடிஆர்4-ஐக் கழற்றி எறியச் சொல்வது நியாயமான யோசனை இல்லை.

பொருத்தும்போது வரிசை முக்கியம். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். மாற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் திரை கறுப்பாகவே நிற்கக்கூடும். போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலின் பிராசசர் பட்டியலைத் திறந்து, 5600-க்கு எந்தப் பதிப்பு என்று பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் போர்டே போய்விடக்கூடும். யுபிஎஸ் இல்லாவிட்டால் இரவல் வாங்கியாவது இணையுங்கள்.

அடுத்தது கூலர். உங்கள் போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட் ஏஎம்4 வகை; இந்த வகையில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே தடவிக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் பசை போலப் பிடித்துக்கொள்வதால், கூலரை நேராக மேலே இழுத்தால், சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியிருந்தாலும் பிராசசர் அதோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிடும், ஊசிகள் வளையும். விற்றால் கொஞ்சம் காசு வரக்கூடிய 2600 அத்தோடு போச்சு. கழற்றும் முன் கால் மணி நேரம் ஒரு விளையாட்டை ஓட்டிச் சூடாக்குங்கள், அணைத்து மின்இணைப்பை எடுங்கள், திருகுகளைக் கழற்றியபின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி தளர்ந்ததும் தூக்குங்கள்.

முதல் முறை இயக்கும்போது, புதிய பிராசசர் பொருத்தப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம்-ஐ (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) அழித்துப் புதிதாக அமைக்கவா என்று திரை கேட்கலாம். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி இயக்கத்தில் இருந்தால், மீட்புச் சாவி கையில் இல்லாமல் சம்மதம் சொல்லாதீர்கள். டிஸ்க்கில் உள்ளவை பூட்டிக்கொள்ளும். கழற்றுவதற்கு முந்தைய நாளே பிட்லாக்கரை நிறுத்திவைப்பது உத்தமம்.

கேள்வி: என்னிடம் ஐ5-7400, பி250 போர்டு இருக்கிறது. பழைய ஐ7-7700 ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா? அல்லது அதே சாக்கெட் என்பதால் ஐ5-8400 போடலாமா? - மதுரை வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். ஐ5-8400-க்கும் சாக்கெட் பெயர் எல்ஜிஏ 1151தான், கச்சிதமாக உட்காரும். ஆனால் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேண்டும் என்று இன்டெல் வகுத்துவிட்டது. உங்கள் பி250-இல் அது உயிர் பெறாது.

ஐ7-7700 வேலை செய்யும். நான்கு த்ரெட் எட்டாகும், திக்கல் குறையும். ஆனால் அந்தப் போர்டுகளுக்குக் கடைசிப் படி அதுவே என்பதால், பழைய சந்தையில் அதன் வயதுக்கு மீறிய விலை சொல்கிறார்கள். ஏழாம் தலைமுறைக்கு விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வ ஆதரவும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் ரேம் டிடிஆர்4 என்றால் அதை வைத்துக்கொண்டே, டிடிஆர்4 ஏற்கும் எச்610 போர்டும் ஐ3-12100எஃப் பிராசசரும் வாங்குங்கள். இதுவும் நான்கு கோர், எட்டு த்ரெட்தான், ஆனால் 7700-ஐவிடத் தெளிவாக வேகம் கூடியது. எஃப் எழுத்து இருப்பதால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. உங்களிடம் தனிக் கார்டு இருப்பது அவசியம்.

கேள்வி: ரிச்சி தெருவில் பெட்டி இல்லாத 'டிரே' பிராசசர் விலை குறைவாகச் சொல்கிறார்கள். பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைக்கிறார்கள். நம்பலாமா? - சென்னை வாசகர்

பதில்: டிரே பிராசசர் போலி அல்ல, கணினி தயாரிப்பாளர்களுக்கு மொத்தமாகப் போகும் அதே சரக்கு. வேறுபாடு உத்தரவாதத்தில். ஏஎம்டியின் பெட்டிச் சரக்குக்கு நிறுவனமே மூன்றாண்டு உத்தரவாதம் தருகிறது. டிரே சரக்குக்கு விற்றவர்தான் பொறுப்பு. எனவே எத்தனை மாதம், பழுதானால் மாற்றித் தருவாரா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிராசசரின் மேல் பொறித்திருக்கும் வரிசை எண்ணையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். பெட்டிச் சரக்கு என்றால், பெட்டியின் சிறு ஜன்னல் வழியே தெரியும் எண்ணும் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள்.

பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, விற்ற பொருளுக்கு பில் தராததே முறையற்ற வணிக நடவடிக்கை. தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அங்கே உங்களிடம் முதலில் கேட்கப்படுவது அந்த பில்தான்.