மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் குடற்புழு மருந்து: சரியா?

கேள்வி: ஒரு பெண் நாய், ஒரு மாதமான அதன் குட்டிகள், எட்டு வெள்ளாடுகள் வளர்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் குடற்புழு மருந்து கொடுத்துவிடுவேன். போன முறை கொடுத்த பிறகும் இரண்டு ஆடுகள் தேறவில்லை. மருந்தை மாற்ற வேண்டுமா?

பதில்: வளர்ந்த நாய்க்கு உங்கள் கணக்கு சரி. குட்டிகளுக்கு அது போதாது. ஆடுகளுக்கு அந்தக் கணக்கே வேண்டாம்.

தாய் நாயின் உடலில் ஒடுங்கிக் கிடக்கும் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள், சினைக்காலத்தில் விழித்துக்கொண்டு வயிற்றிலுள்ள குட்டிக்கே போய்விடும், பாலிலும் இறங்கும். அதனால்தான் இரண்டாவது வாரத்திலேயே தொடங்கி, பால் மறக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை கொடுக்கச் சொல்கிறோம். நீங்கள் இரண்டு தவணை தவறவிட்டாயிற்று, இனியும் தள்ளிப்போட வேண்டாம். தாய்க்கும் சேர்த்தே கொடுங்கள். ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் அடுத்த மாதம் மறுபடியும் அரிசிமணிதான்.

சரி, ஆடுகளுக்கு வருவோம். ஆட்டைச் சாகடிக்கும் புழுக்களில் முதலிடம் வயிற்றின் நான்காம் அறையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் புழுவுக்கு. அது இருப்பதைக் கண் காட்டிக்கொடுக்கும். கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் அந்த ஆட்டை விட்டுவிடலாம். வெளிறிப்போயிருந்தாலோ, தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினாலோ உடனே மருந்து வேண்டும். மந்தையில் பெரும்பாலான புழுக்கள் சில ஆடுகளிடம்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஊற்றினால், மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டுமே மிஞ்சிப் பெருகும். உங்கள் மந்தையில் இதுவே நடந்திருக்கலாம்.

ஆனால் அளவு குறைந்தாலும் இதே கதைதான். கண்ணால் பார்த்து எடை சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நானே 15 கிலோ என்று நினைத்த ஆடு தராசில் 22 கிலோ காட்டியிருக்கிறது. வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும் என்பதால் செம்மறிக்கான அளவு போதாமல் போகும். அதற்காக நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். லெவாமிசோல் போன்ற புழு மருந்துகள் கொஞ்சம் மிஞ்சினாலே நஞ்சாகும். அளவை மருத்துவர் சொல்லட்டும். சினையாடு எது, பால் கறக்கும் ஆடு எது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆட்டு மருந்தை நாய்க்குக் கொடுக்கும் பழக்கமிருந்தால் நிறுத்துங்கள். கோலி போன்ற சில இன நாய்களுக்கு, ஆட்டுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து உயிருக்கே உலை வைக்கும்.

அந்த இரண்டு ஆடுகளுக்கு மருந்தை மாற்றும் முன் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காரணம் புழுவல்லாத ரத்தக்கழிச்சல் கிருமியாக இருந்தால் எந்தப் புழு மருந்தும் வேலை செய்யாது. புழுக்கையில் இருப்பது புழு முட்டைதான் என்றால், மருந்து கொடுத்து 10 முதல் 14 நாளில் முட்டைகளை மறுபடி எண்ணிப் பார்த்தால் மருந்து கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். தரையில் கிடக்கும் புழுக்கை வேண்டாம். கையுறை போட்டு ஆட்டிடமிருந்தே நேராக எடுத்து, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். தாமதமானால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது.