மன்றோவின் குதிரைக்குச் சேணம் எங்கே?

கேள்வி: சென்னைத் தீவுத்திடல் பக்கம் நிற்கும் மன்றோ சிலையில் குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம்) இல்லை. சிற்பி மறந்துவிட்டாராமே?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: மறதி இல்லை. சிலையைச் செய்தவர் லண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும் இவை இரண்டும் கிடையாது. தெரிந்தே செய்தது, பழைய ரோமானியப் பாணி. ரோமில் உள்ள மார்க்கஸ் அரேலியஸ் சிலையிலும் கால்கள் அங்கவடி இல்லாமல்தான் தொங்குகின்றன. ரோமானியர்களுக்கு அங்கவடியே தெரியாது. நிலவரியை நேரடியாக உழவர்களிடமே வசூலிக்கும் ரயத்துவாரி முறையை நிலைநாட்டிய மன்றோ, சென்னை ஆளுநராக இருக்கும்போதே 1827-ல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். நன்கொடை திரட்டி, 1839-ல் சிலையை வைத்தார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் காமராஜர் வெண்கலச் சிலை பச்சை பூத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
– ஆசிரியை, நாகப்பட்டினம்

பதில்: வேண்டவே வேண்டாம். சீராக, கெட்டியாக ஒட்டியிருக்கும் பழுப்பும் பச்சையும் உலோகத்துக்குக் காவல். புளியின் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். பளபளப்பு சில நாள்தான். உப்புக்காற்று பட்டதும் திட்டுத்திட்டாக அரிக்கத் தொடங்கும். எலுமிச்சை, பாலிஷ், கம்பி பிரஷ் எதுவும் ஆகாது. கம்பி பிரஷ் விட்டுப்போகும் இரும்புத் துகள் துருப்பிடித்துக் கறை வைக்கும். வார்னிஷ் வெயிலில் வெடிக்கும், அடியில் தண்ணீர் புகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். 10 லிட்டர் நல்ல தண்ணீரில் (போர்வெல் உப்புத்தண்ணீர் கூடாது) காரமில்லாத திரவச் சோப்பு ஒரு தேக்கரண்டி கலந்து, மென்மையான நார் பிரஷால் மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். காதுமடல், சட்டை மடிப்பு, கைவிரல் இடுக்குகளில்தான் பறவை எச்சம் தங்கும். சோப்பு போக அலசி, முழுக்கக் காயவிடுங்கள். சிலை வெயிலில் இளஞ்சூடாக இருக்கும்போது மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும், சிலைப் பாதுகாப்புக்குப் பயன்படும் மெழுகு) மெல்லியதாகத் தடவிப் பருத்தித் துணியால் தேயுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்தால் போதும்.

பிறந்தநாள் மாலையை அன்று மாலையே எடுத்துவிடுங்கள். அழுகும் பூவின் ஈரமும் மாலை கட்டிய இரும்புக் கம்பியும் கழுத்தோரத்தைக் கெடுக்கும். பால், சந்தனம் ஊற்ற விடாதீர்கள். பீடத்தை ஒட்டி நீர் வடியும் துளை இருந்தால் அடைக்காதீர்கள். உள்ளே தேங்கும் நீர் இரும்புச் சட்டத்தை அரிக்கும்.

தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி, ஊசி குத்தியதுபோல் குழிகளோடு தெரிந்தால் அது வேறு: குளோரைடு அரிப்பு, அதாவது உப்பால் வரும் அரிப்பு. கழுவினால் நிற்காது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: சிலை நிஜமாகவே வெண்கலமா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், காரைக்குடி

பதில்: காந்தம் ஒட்டக்கூடாது. ஆனால் அது மட்டும் போதாது, சிமெண்டிலும் ஃபைபரிலும் கூட ஒட்டாது. விரலால் தட்டுங்கள்: உள்ளே கூடான வெண்கலம் கணீரென்று ஒலிக்கும், ஃபைபர் பொத்தென்று கேட்கும். பீடத்து விளிம்பில் பெயிண்ட் உரிந்த இடத்தில் அடியில் இருப்பது உலோகமா, சிமெண்டா, ஃபைபரா என்றும் பாருங்கள்.